900 கிலோமீட்டர் தள்ளி நின்ற கார்

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்காக இரண்டு முறை நெடுந்தூரம் போய் வந்தேன். முதல் முறை வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் முறை காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். முதல் பயணத்தில், வாங்கவே கூடாத ஒரு காருக்குக் கிட்டத்தட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் என் மனம் போன போக்கைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தூரத்தில் இருக்கும் வண்டியை வாங்க நினைக்கும் எல்லாருக்கும் அந்த ஒரு மணி நேரம் வரும்.

நான் தேடியது மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, துணிக்கூரை, மேனுவல் கியர், எஞ்சின் முன்னால், உந்துவிசை பின்சக்கரத்துக்கு. 1989-இல் முதல் தலைமுறை வந்தது. 2016-இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நான் குறி வைத்தது 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை. இந்தக் காரின் பிரியர்கள் அதை என்பி என்பார்கள். 1.8 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நேர்சாலையில் இதைவிட வேகமான குடும்பக் கார்கள் ஏராளம். ஆனால் ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது கைக்குள் பேசும் பேச்சை வேறு எந்த வண்டியிலும் நான் கேட்டதில்லை. ஒரு நண்பரின் காரை ஒரே ஒரு மாலை ஓட்டினேன். அதோடு மனம் அங்கேயே தங்கிவிட்டது.

பக்கத்தில் எங்கும் நல்ல வண்டி கிடைக்கவில்லை. ஒரு வருடம் போல் காத்திருந்த பிறகு 900 கிலோமீட்டர் தள்ளி ஒன்று விற்பனைக்கு வந்தது. வெள்ளி நிறம், 2001 மாடல். படங்கள் மட்டும் 28 இருந்தன. இன்றைக்கு அதே படங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாமே தெரிகிறது. மழை விட்ட உடனே எடுத்த படங்கள் அவை. நனைந்த பெயின்ட் எந்த வண்டியிலும் பளபளக்கும். கீறல், மங்கல், நிற வேறுபாடு எல்லாம் தண்ணீருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். 28 படத்தில் ஒன்றுகூட வண்டியின் அடிப்பாகத்தைக் காட்டவில்லை. கேட்டேன். "அடியில எல்லாம் சுத்தமா இருக்கு சார், போன மாசம்தான் புதுசா கறுப்புக் கோட்டிங் அடிச்சேன்" என்றார் விற்பவர். எனக்கு அது நல்ல செய்தியாகக் கேட்டது. அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வயதான காருக்கு, விற்பதற்கு ஒரு மாதம் முன்னால் அடிப்பாகத்தில் புதுக் கோட்டிங் எதற்கு? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இரவு முழுக்கப் பயணம். காலையில் போய்ச் சேர்ந்தபோது கார் வாசலில் தயாராக நின்றது. பானெட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "உங்களுக்காக இப்பத்தான் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்" என்றார். பழைய எஞ்சின் தன் குறைகளைச் சொல்வது, இரவெல்லாம் ஆறிக் கிடந்து முதல் முறை உயிர்பெறும் அந்த ஒரு நிமிடத்தில்தான். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கெட்டியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பான வாடையும் அடித்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. (குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் மெல்லிய வெள்ளை ஆவியைக் கண்டு பயப்பட வேண்டாம், அது வெறும் நீராவி.) சூடான எஞ்சினில் இவற்றில் பாதி தெரியாமலே போகலாம். வண்டியை ஆற விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தேன். ஓட்டியதும் எல்லாம் மறந்துவிட்டது. அப்படி ஓடியது.

திரும்பி வந்து, மனத்திருப்திக்காக டார்ச்சோடு கீழே படுத்தேன். இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதி. இன்னொன்று, முன்பக்கம் எஞ்சினுக்கு இரு புறமும் நீளும் சேஸிஸ் ரெயில். அந்த ரெயில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால் உப்புத்தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு இடையில் தங்கி, உள்ளிருந்து வெளியே துரு தின்றுகொண்டு வரும். வெளியே தெரியும்போது உள்ளே ஏற்கெனவே ஒன்றும் மிஞ்சியிருக்காது. மோதலின்போது நம்மைக் காக்க வேண்டிய எலும்பு அது. கறுப்புக் கோட்டிங் வழவழப்பாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் லேசாக உப்பியிருந்தது. விற்பவரிடம் கேட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டினேன். மற்ற இடங்களில் டங் என்று கேட்ட சத்தம் அங்கே மட்டும் பொத் என்று கேட்டது. முனையால் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே போய்விட்டது.

அந்த நிமிடமே எழுந்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. தெருமுனைக்கு நடந்துபோய் நின்று கணக்குப் போட ஆரம்பித்தேன். வெல்டிங் செய்துகொள்ளலாம். விலையைக் குறைத்துக் கேட்கலாம். பயணச் செலவு, எடுத்த லீவு, ஒரு வருடக் காத்திருப்பு எல்லாம் வீணாகிவிடுமே. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே. இந்தக் கடைசி எண்ணம்தான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. செலவழித்த பணம் எப்படியும் திரும்பி வராது. வாங்கினாலும் வராது, வாங்காவிட்டாலும் வராது. ஆனால் அங்கே நிற்கும்போது, காரை வாங்கினால் அந்தச் செலவு 'பலித்துவிடும்' என்று மனம் சாதிக்கிறது.

மனைவிக்கு போன் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த வண்டி நம்ம தெருவுலயே நின்னிருந்தா வாங்குவீங்களா?"

வாங்க மாட்டேன். யோசிக்கவே தேவைப்படவில்லை. விற்பவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் முகம் மாறியது. எனக்கும் மனசு கனமாகத்தான் இருந்தது. திரும்பும் பயணம் நீளமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது கார் நான்கு மாதம் கழித்து வந்தது. அடர் பச்சை, 2003 மாடல், 600 கிலோமீட்டர் தூரம். இந்த முறை விற்பவருக்கு போன் செய்வதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். எதைக் கண்டால் பேரம் பேசாமல் திரும்பி வர வேண்டும் என்று எழுதினேன். சேஸிஸ் ரெயிலில் துரு. வண்டியிலும் ஆவணத்திலும் சேஸிஸ் எண் பொருந்தாமை. கூலன்டில் எண்ணெய் அல்லது எண்ணெயில் கூலன்ட். வண்டியின் மேல் தீராத கடன். ஆற வைக்கச் சொல்லியும் சூடாக நிற்கும் எஞ்சின். கீழே, எல்லாச் செலவும் சேர்த்து நான் தாண்டக் கூடாத தொகை. தாளை மனைவியிடம் கொடுத்தேன். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எடுத்த முடிவைத் தெருமுனையில் நின்று மாற்றக் கூடாது, அதற்காகத்தான்.

தொலைபேசியில் நான் கேட்ட முதல் கேள்வி கிலோமீட்டரைப் பற்றியோ விலையைப் பற்றியோ இல்லை. "இந்த வண்டியில உங்களைத் தொந்தரவு பண்ற விஷயம் என்னென்ன?" என்று கேட்டேன். இருபது வயதுக் காரில் ஒன்றுமே இல்லை என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தன் வண்டியைத் தெரியாது, இல்லை நமக்குச் சொல்ல மனமில்லை. இவர் மூச்சு விடாமல் சொன்னார். கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் லேசாகக் கசிகிறது. குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், சூடானால் சரியாகிவிடும். வலது ஜன்னல் மெதுவாக ஏறுகிறது. மூன்றுமே இந்தக் காரில் பரவலாகப் பேசப்படும் சங்கதிகள்தான். அவர் சொன்னவை நான் படித்தவற்றோடு பொருந்தியதால், சொல்லாத விஷயங்களிலும் அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அப்புறம் படங்கள் கேட்டேன். வண்டி காய்ந்திருக்கும்போது, பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையிலிருந்தும் நீளவாக்கில் எடுத்தவை. பக்கத்துத் தகட்டில் ஒரு நேர்கோட்டின் பிரதிபலிப்பு நெளிந்தால் அங்கே நசுங்கலை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். கதவு, பானெட், டிக்கி இவற்றின் இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்தேன். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டில் இருக்கும் தேதிக் குறியையும் கேட்டேன். அது நான்கு இலக்கம். 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் அதை நம்பி வளைவில் இறங்க முடியாது. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், வண்டியை வைத்திருந்தவர் கண்ணுக்குத் தெரியாத மற்ற இடங்களில் எப்படி மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசிக்க வேண்டும். உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கலாம், அல்லது வண்டியைத் தாழ்த்தியிருக்கலாம்.

சேஸிஸ் எண்ணை டாஷ்போர்டு ஓரத்திலும் உலோகத் தகட்டிலும் தனித்தனியாகப் படம் எடுக்கச் சொன்னேன். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால். அந்த எண் கையில் இருந்தால் பதிவு விவரம், கடன், குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்ததா என்பது எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். எண் தரத் தயங்கும் ஆளோடு அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வண்டி வேறெங்கோ இருக்கிறது, முன்பணம் போட்டால் லாரியில் ஏற்றி அனுப்புகிறேன் என்பவர்களும் இரண்டு பேர் தேடலின் நடுவில் வந்தார்கள். வீடியோ காலில் இப்போதே வண்டியைச் சுற்றிக் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

பச்சைக் காரின் உரிமையாளர் மறுநாள் காலை வீடியோ காலில் வந்து, பானெட்டைத் திறந்து காட்டி, ஆறிய எஞ்சினை என் கண் முன்னால் ஸ்டார்ட் செய்தார். புகை இல்லை.

நான் அதோடு கிளம்பவில்லை. அந்த ஊரிலேயே இந்தக் காரை நன்றாகத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தேன். விற்பவர் வழக்கமாகப் போகும் ஆள் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். காசு நான் கொடுப்பேன், அறிக்கை எனக்கு வரும். விற்பவரிடம் கேட்டபோது, "தாராளமா, எந்த நாள் கொண்டு போகட்டும்?" என்றார். முதல் காரின் உரிமையாளரிடம் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். என் ஒரு இரவுப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி இரண்டு மணி நேரம் பார்த்தார். ரெயில்கள் இரண்டையும் தட்டிக் காட்டி வீடியோ அனுப்பினார். அந்த டங் சத்தத்தை நான் மூன்று முறை கேட்டேன். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தம், அளந்தார். எண் எவ்வளவு உயரம் என்பதைவிட நான்கும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றனவா என்பது முக்கியம். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்தான் இருந்தது. வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ரீடரை மாட்டினார். பிழைக் குறிகள் இல்லை என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வண்டியின் கணினி தன் சுயபரிசோதனைகளை முடித்திருக்கிறதா என்றும் பார்த்தார். விற்பதற்குச் சற்று முன் பிழைகளை அழித்திருந்தால், அந்தப் பரிசோதனைகள் முடியாமல் அரைகுறையாக நிற்கும். எல்லாம் முடிந்திருந்தன. கிளட்ச் கசிவு உண்மை. கூடவே ஒரு புது விஷயம்: பின் பிரேக்கில், பேடை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பர் ஒன்று இறுகியிருந்தது. எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதாகச் சொன்னார்கள், ஆனால் ரசீது இல்லை.

ரசீது இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பெல்ட் அது. மாற்றும்போது தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் அங்கே போகும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பெல்ட், பம்ப், ஸ்லேவ் சிலிண்டர், காலிப்பர், டயர், எல்லா எண்ணெய்களும், போக வர செலவு, மெக்கானிக் கூலி எல்லாவற்றையும் விலையோடு கூட்டினேன். தாளில் எழுதிய தொகைக்குள் வரவில்லை. மெக்கானிக்கின் அறிக்கையை அப்படியே விற்பவருக்கு அனுப்பி, காலிப்பருக்கும் பெல்ட்டுக்கும் ஆகும் தொகையை மட்டும் குறைக்கக் கேட்டேன். சும்மா குறையுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பேரம் முழுவதும் நான் வீட்டில் இருக்கும்போதே முடிந்தது. அவர் வீட்டு வாசலில் நான் நின்று பேசியிருந்தால் அவ்வளவு நிதானமாக என்னால் பேசியிருக்க முடியாது.

பலரும் கிலோமீட்டர் குறைவான வண்டியைத்தான் தேடுகிறார்கள். நான் அதில் உடன்படவில்லை. இருபது வருடத்தில் 30,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய கார் பெரும்பாலும் நின்றே வயதாகியிருக்கும். சீல்கள் காய்ந்து, பிரேக் இறுகி, டேங்கில் பெட்ரோல் கெட்டு, ரப்பர் குழாய்கள் வெடித்து, ஓட ஆரம்பித்த முதல் வருடத்திலேயே ஒவ்வொன்றாகக் கேட்கும். பச்சைக் கார் 1,40,000 ஓடியிருந்தது. எண்ணெய் மாற்றிய ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. எனக்கு அந்தக் கோப்புதான் பெரிது.

போன அன்று கையில் டார்ச், கையுறை, ஒரு பழைய துண்டு, சின்னக் காந்தம், டயர் காற்று அளவி. துணியில் சுற்றிய காந்தத்தை ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தேன், எங்கேயாவது ஒட்டாமல் போனால் அங்கே பட்டி கனமாக இருக்கும். பானெட்டில் ஒட்டவே இல்லை. ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. அப்புறம்தான் நினைவு வந்தது, இந்தக் காரின் பானெட் அலுமினியம். விற்பவரும் சிரித்தார்.

எஞ்சின் ஆறித்தான் இருந்தது. ஓட்டும்போது நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினேன். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. துள்ளவில்லை. ஆறிய கியர்பாக்ஸில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். முரண்டு பிடித்தது, ஆனால் கரகரக்கவில்லை. 15 கிலோமீட்டரில் அதுவும் இளகிவிட்டது. அவர் போனில் சொன்னபடியே. ஆவணத்தில் இருந்த பெயரும் அவர் அடையாள அட்டையில் இருந்த பெயரும் ஒன்று. இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போய், பணத்தை அங்கேயே அவர் கணக்குக்கு மாற்றினேன். சாவி, மாற்றுச் சாவி, கோப்பு எல்லாம் கைக்கு வந்தன. இன்சூரன்ஸ் அன்று காலையிலிருந்தே என் பெயரில் ஓடும்படி முன்னமே ஏற்பாடு செய்திருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நான் பேசாமல் நின்றேன்.

டயர் காற்றை 26 பிஎஸ்ஐ-க்குச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். இந்த எடைக்கு அவ்வளவுதான் வேண்டும், மற்றக் கார்களைப் போல அதிகம் அடித்தால் வண்டி துள்ளும். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்திக் கீழே ஏதாவது சொட்டுகிறதா, சக்கரம் ஏதாவது சுடுகிறதா என்று பார்த்தேன். இறுகிய காலிப்பர் பக்கம் மற்றதைவிடச் சூடாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். அதனால் மெதுவாகவே ஓட்டினேன், அதிகமாக பிரேக் போடாமல். 200-ஆவது கிலோமீட்டரில் எண்ணெயும் கூலன்டும் பார்த்தேன். குறையவில்லை. பாதி வழியில் வெயில் தணிந்ததும் கூரையைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு. மனைவி அந்தத் தாளோடு வெளியே வந்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தாள், நான் பதில் சொன்னேன். மறுநாள் காலை முதல் வேலையாக இருக்கைகளுக்குப் பின்னால் கூரை மடியும் இடத்தில் இருக்கும் வடிகால் துளைகளைத் தேடினேன். இலைச் சருகு அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வழிந்து சில்லுக்குள் இறங்கும், இந்தக் காரின் பின்பக்கத் துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு குவளைத் தண்ணீரை வலது பக்கம் மெதுவாக ஊற்றினேன். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்டியது. இடது பக்கம் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மெல்லிய நைலான் கம்பியை உள்ளே விட்டு மெதுவாக அசைத்தேன், ஒரு பிடி கறுப்புச் சருகு வந்தது, அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது.